தையல் இல்லாத தொப்பி

செம்மேட்டில் வாங்கி வந்த இரண்டு தொப்பிகளையும் என் மகள் ஒரே வாரத்தில் கழற்றி எறிந்துவிட்டாள். முதலாவது காதை மூடும் குரங்குத் தொப்பி. இறுக்குகிறது என்றாள். இரண்டாவது தொளதொளவென்று இருந்தது, ஆனால் நெற்றியிலிருந்து பிடரி வரை உச்சி வழியாக ஒரு தடித்த தையல் ஓடியது. அவளுடைய தழும்பு இடது காதுக்கு மேலே தொடங்கி, உச்சிக்கு ஏறி, வளைந்து பின்மண்டையில் இறங்குகிறது. தொப்பியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அந்தத் தையல் ஏதாவது ஓரிடத்தில் தழும்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். துப்பட்டா கட்டினால் வழுக்கியது. ஒன்றும் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ. அக்டோபரில் விழுந்தாள். நான் சொல்வது டிசம்பர் கடைசி வாரம். வகுப்பு டீச்சர் போன் செய்திருந்தார்.

"பிராக்டிகல் நோட்டுல கையெழுத்து வாங்காம பரீட்சைக்கு உக்கார முடியாதுங்க. பிப்ரவரி பொறக்கறதுக்குள்ள புள்ளயக் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டு பீரியட் இருந்தாக்கூடப் போதும்."

மகளிடம் சொன்னேன். "முடி வளரட்டும்ப்பா. அடுத்த வருஷம் எழுதிக்கறேன்" என்றாள். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எங்கள் பக்கம் அடுத்த வருஷம் என்றால் வேறு அர்த்தம். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தேவனூர் நாட்டில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை வந்து, காபி குடித்துவிட்டு, "அடிபட்ட புள்ள, இனி எதுக்கு மாப்ள படிப்பு. பதினெட்டு முடியட்டும். நம்ம ஊட்டுலயே பையன் இருக்கறான்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம். கெட்டவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டு அனுப்பியிருக்கலாம்.

விழுந்ததைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் ஹெல்மெட் என்பது அடிவாரத்துக்கான பொருள். மேலே யாரும் போடுவதில்லை. பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்தோ, கைப்பிடியில் தொங்கிக்கொண்டோ கூடவே வரும். கீழே காரவள்ளி நெருங்கும்போது, கடைசி வளைவில் வண்டியை நிறுத்தி, போலீஸ் செக்கிங்குக்காக எடுத்து மாட்டிக்கொள்வோம். ஒரு வண்டிக்கு ஒன்று போதும் என்பது எங்கள் நினைப்பு. அன்று காலை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கீழே போக வேண்டியிருந்தது. தூறல். மூக்குக்கண்ணாடி நனைந்தால் எனக்கு வழி தெரியாது. அதனால் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உயிருக்குப் பயந்து போடவில்லை. கண்ணாடி நனையக் கூடாதென்று போட்டேன்.

முப்பத்தெட்டாவது வளைவில் ஈர இலைகளின் மேல் பின்சக்கரம் வழுக்கியது. வேகமே இல்லை. நடந்து போகிறவர்கள் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாகத்தான் போனேன். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய தலை தடுப்புச் சுவரில் மோதியது.

சேலத்தில் பத்தொன்பது நாள். கண் விழித்த பிறகு டாக்டர் அவளிடம் கடைசியாக என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் குச்சிக்கிழங்கு வேகவைத்துத் தின்றது என்றாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறி. இடையில் ஒன்றுமில்லை. டாக்டர் என்னை வெளியே அழைத்து, "அன்னிக்குக் காலைல நடந்தது அவளுக்கு ஞாபகம் வராது. வந்தாகணும்னு வற்புறுத்தாதீங்க. நல்லதுதான்" என்றார். அவளுக்கு நல்லது. எனக்கு அந்தக் காலை முழுவதும் இருக்கிறது என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பரிசோதனைக்காக அவளைப் பஸ்ஸில் கீழே கூட்டிப் போனேன். தலையில் துப்பட்டா. நெற்றியோரம் முடி இல்லாதது தெரிந்தது. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மா. "ஏனுங்க, புள்ளைக்கு மொட்டையா? எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கம் முடி இல்லாத பெண்பிள்ளையைப் பார்த்தால் கேட்கிற கேள்விதான். நான் யோசிக்கவே இல்லை. "ஆமாங்க, குலதெய்வத்துக்கு. வேண்டுதல்" என்றேன். அந்த அம்மா மனம் குளிர்ந்து, "நல்லாயிரு கண்ணு" என்று சொல்லி அவள் தலையைத் தொட்டார். துப்பட்டா நழுவியது. தழும்பு வெளியே வந்தது. அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் மகள் கேட்டாள்: "எதுக்குப்பா பொய் சொன்னீங்க?"

அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை.

இரண்டாவது தொப்பியும் மூலைக்குப் போன பிறகுதான் நானே பின்னலாம் என்று தோன்றியது. எனக்குப் பின்னத் தெரியும். சிறுவயதில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தேன். மார்கழிக் குளிருக்கு விடுதிப் பையன்கள் எல்லோரும் மூங்கில் குச்சியைச் சீவி ஊசியாக்கி மப்ளர் பின்னுவோம். யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. அதை நான் விடவில்லை. இன்றும் வருஷத்துக்கு ஒரு மப்ளர் பின்னி யாருக்காவது கொடுப்பேன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், திருப்பிப் பிடித்து, மறுபடி வருவது. அப்படிப் பின்னினால் பட்டையான துணிதான் கிடைக்கும். அதைத் தொப்பியாக்க இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்க வேண்டும். மறுபடியும் தையல்.

நான் செம்மேட்டில் தாலுகா ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதுகிறவன். பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் பணம், மின் இணைப்பு. வாழவந்தி நாட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. தோட்டத்துப் பலா மரத்தடியில் மட்டும் ஒன்றிரண்டு கோடு வரும். அதனால் வீடியோவெல்லாம் செம்மேட்டில், ஆள் வராத நேரத்தில், மேஜையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னிக்கொண்டே போகும் முறை இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டு ஊசிகளுக்கு நடுவில் நீளமான வயர் இருக்கும். பாதிக் கண்ணிகள், அதாவது ஊசியில் ஏற்றிய நூல் வளையங்கள், ஒரு பக்கம், பாதி மறுபக்கம். மிச்ச வயரை நடுவில் ஒரு காது போல வெளியே இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும். திரும்புவதே இல்லை. செக்கு மாடு போலச் சுற்ற வேண்டியதுதான்.

எதிர் டீக்கடையில் இரண்டே நாளில் செய்தி பரவிவிட்டது.

"ஏனுங்க ரைட்டரே, மனு எழுதறத உட்டுப்போட்டு ஸ்வெட்டர் கம்பெனி வெக்கறீங்களாட்ட?"

"போனுல பொம்பள கையவே பாத்துட்டிருக்கறாரு. மொகம் வருமான்னு பாக்கறாரோ என்னமோ."

"மொகமே வரலீங்க. நாலு நாளா நானும் காத்திருக்கறேன்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொண்ணுக்கு என்று சொன்னதும் டீ போடுகிறவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முகம் வராதது உண்மைதான். ஏதோ வெளிநாட்டுப் பெண். இரண்டு கைகள் மட்டும் தெரியும். வேகமான இங்கிலீஷ். தமிழிலும் ஒரு பெண் இருந்தார். "ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ், அவ்வளவுதான் ஃப்ரெண்ட்ஸ்" என்று சொல்லிக்கொண்டே முக்கியமான இடத்தை விரலால் மறைத்துவிடுவார். நான் வெளிநாட்டுக் கைகளையே நம்பினேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி. ஆனால் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எவர் எதைச் சொன்னாலும் எழுத்தாக்கியே வாழ்ந்தவன். எழுதினால்தான் எனக்கு ஒன்று புரியும். முழு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, ஓரம் மடித்து, எண் போட்டு, அந்தக் கைகள் செய்ததையெல்லாம் எழுதத் தொடங்கினேன். மனு எழுதும் கை, வேறு மாதிரி எழுத வரவில்லை.

ஊசி செம்மேடு வரை கூரியரில் வந்தது. கம்பளி அரிக்கும் என்று மென்மையான பருத்தி நூலாகவே வரவழைத்தேன். கருப்பு வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள். கத்திரிப்பூ நிறம் எடுத்தேன்.

தலையை அளக்க வேண்டியிருந்தது. ஒரு நூலைத் தலையைச் சுற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஓர் அங்குலம் முடி வளர்ந்திருந்தது, தழும்பின் மேல் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு நான் அவள் தலையைத் தொட்டது அதுதான் முதல் முறை. நூல் தொட்டதும் தோளைக் குறுக்கினாள்.

"வலிக்குதா சாமி?"

"இல்ல. கூசுது. சீக்கிரம் அளங்க."

நான் எழுதிய தாள்களை அவள்தான் எடுத்துப் படித்தாள். போன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வீடியோ அவளுக்குக் கிடையாது, என் தாள்தான். நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு தடுமாற, அவள் கட்டிலில் சாய்ந்தபடி உரக்கப் படித்தாள்.

"ஏழு. வலது கை ஊசியானது இடது கை ஊசியில் உள்ள முதல் கண்ணிக்குள் முன்புறமிருந்து பின்புறமாக நுழைய வேண்டியது. எட்டு. நூலை மேற்படி ஊசியின் மேல் சுற்றி, மேற்படி கண்ணி வழியாக வெளியே இழுத்து, பழைய கண்ணியை மேற்படி இடது ஊசியிலிருந்து இறக்கி விடவேண்டியது."

அதோடு நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, இதுக்குக் கீழ இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ளன்னு போடலியா?"

"போடோணுமா?"

"ஸ்டாம்ப் ஒட்டி, தாசில்தாருக்கு ஒரு காப்பி."

சிரித்ததில் தலை வலித்து, படுத்துவிட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. சிரிக்க வைத்துவிட்டோமே என்று. அந்த மாதங்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பார்ப்பேன். இருமினால் எழுந்து நிற்பேன்.

மிளகு பறிப்புக் காலம் அது. நான் ஏணி தூக்க வேண்டிய நாட்கள். மனைவி ஒரு கூலியாளை வைத்துக்கொண்டு தானே கொடி கொடியாகப் பறித்து, உதிர்த்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையில் பாய் விரித்துக் காயப் போட்டாள். காலையில் விரித்து, சாயங்காலம் அள்ளி, பனி விழும் முன் மூட்டை கட்டி உள்ளே கொண்டுவருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் மடியில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்பத் தொப்பி பின்றீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மிளகைக் கிளறப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறைகூட அவள் ஹெல்மெட்டைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டபோது பக்கத்தில் நின்றாள், கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். மூன்று மாதமாக எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது, அந்த மூன்று சொல்லில் வெளியே வந்துவிட்டது. நான் அந்தச் சுற்றைப் பாதியில் நிறுத்தி, எத்தனையாவது கண்ணி என்பதை மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எண்பத்து நான்கு கண்ணி. இரண்டு முறை எண்பத்து மூன்று வந்தது.

ஆறு நாளில் நான்கு விரல்கடை உயரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் பின்வாசல் வரை வந்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். அளவு பார்க்கலாம் என்று வயரை நன்றாக விரித்து, பின்னலைப் பாயின் மேல் வைத்தேன். அது படுக்கவில்லை. ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. வளையமாக இருக்க வேண்டியது, நடுவில் ஒரு முறுக்கு விழுந்து எட்டுப் போலக் கிடந்தது. முறுக்கைக் கையால் தள்ளிப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, வெளியே போகவில்லை. எங்கே போனாலும் கூடவே வந்தது.

போனை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போய் வீடியோவை மறுபடி பார்த்தேன். எல்லாக் கண்ணிகளையும் ஏற்றிய பிறகு, இரண்டு முனைகளையும் சேர்க்கும் முன்பு, அந்தக் கைகள் ஒரு நிமிஷம் போல ஒன்றும் பின்னாமல் ஊசியைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டிருந்தன. ஏதோ பேசிக்கொண்டே இளைப்பாறுகிறார் என்று நினைத்து அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டிருந்தேன். அவர் இளைப்பாறவில்லை. கண்ணிகளெல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா, எங்காவது முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் தாளில் ஐந்து இருந்தது, ஆறு இருந்தது. நடுவில் அது இல்லை. மனுவில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவோம். எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுவதில்லை. கை அசையாத இடத்தில் எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் சுற்றிலேயே முறுக்கிச் சேர்ந்துவிட்டால் பிறகு அதற்கு வைத்தியம் இல்லை. முழுவதையும் பிரிக்க வேண்டும்.

திரும்பி வந்து பாறை ஓரம் உட்கார்ந்தேன். "என்னாச்சுப்பா?" என்றாள். காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்தாள், பின்னலைப் பார்த்தாள். நூல் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் ஊசியை உருவிவிட்டு நூலை இழுக்க, அவள் சுற்றினாள். ஆறு நாள் வேலை கையிலிருந்து சரசரவென்று ஓடியது. பின்னலில் கிடந்த நூல் நெளிநெளியாக வந்தது. மனைவி கொஞ்ச தூரத்தில் மிளகைக் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மகள் உருண்டையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு நீங்க ஹெல்மெட்ட எனக்குத்தாம்ப்பா குடுத்தீங்க. நான்தான் வேண்டாம்னேன்."

நூலை இழுப்பதை நிறுத்திவிட்டேன்.

"முடி கலஞ்சுரும்னு சொன்னேன். ரெண்டு தடவ குடுத்தீங்க."

மனைவியின் கால் நின்றது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

நான் அந்தக் காலையை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தூறல், கண்ணாடி, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இரண்டு முறை உதைத்தது, அவள் பையை முன்னால் வைக்கக் கொடுத்தது. அதில் நான் ஹெல்மெட்டை நீட்டியதாக எங்கேயும் இல்லை. நீட்டவில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழக்கத்தில் செய்கிற எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் அவளுக்கு அந்தக் காலையே இல்லை. குச்சிக்கிழங்கோடு முடிந்துவிட்டது என்று டாக்டர் முன்னால் அவளே சொன்னாள்.

"எனக்கு அப்படி ஞாபகமில்ல கண்ணு" என்றேன்.

"எனக்கு இருக்குது. இழுங்க, நூலு சிக்கு உழுகுது."

இழுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அதனாலேயே பார்க்கவில்லை. உண்மையில் அவளுக்குத் திரும்பி வந்ததா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவளும் மறுபடி அதைப் பேசியதில்லை. பஸ்ஸில் நான் சொன்னதைப் பொய் என்று கேள்வி கேட்டவள் அவள். கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது என் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து உருண்டையின் மேல் போட்டாள்.

நூல் முழுவதும் சுற்றி முடித்ததும் மகள் பேனா கேட்டாள். என் தாளில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் அம்புக்குறி போட்டு, சின்ன எழுத்தில் எழுதினாள்: "5(அ). எதையும் செய்ய வேண்டாம். சுற்றிலும் ஒரு தடவை பார்க்கவும்."

இரண்டாவது முறை ஒன்பது நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு நாள் மேஜைக்குப் போக வேண்டியிருந்தது, மனு எழுத ஆள் சேர்ந்துவிட்டது. ஒருநாள் ஏணி பிடித்தேன். உச்சிக்கு நெருங்க நெருங்க, இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதற்குத் தனியாக மூன்று வீடியோ, தனியாக இரண்டு தாள். கடைசி எட்டுக் கண்ணிகளுக்குள் நூலை ஓட்டி இழுத்து மூடி, முடிச்சை வெளிப்பக்கம் எடுத்தேன். தலைக்குப் படுகிற பக்கத்தில் எதுவும் இருக்கக் கூடாது. அழகான தொப்பி என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் பின்னல் நெருக்கமாகவும், ஒரு பக்கம் தளர்ந்தும் இருந்தது. எந்தெந்த நாளில் எனக்கு என்ன மனநிலை என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். உச்சியில் கத்திரிக்காய்க் காம்பு போல ஒரு முனை நின்றது.

போட்டுக்கொண்டாள். விரலை உள்ளே விட்டுத் தழும்பின் வழியாக ஓட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஒண்ணும் உறுத்தல" என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, "கத்திரிக்காய் மாதிரியே இருக்குது" என்றாள்.

"கழட்டிக் குடு, காம்ப வெட்டிர்றேன்."

"வேண்டாம். அவுந்துக்கப் போகுது. திங்கக்கிழமை போறேன்."

அந்தத் திங்களுக்குப் பிறகு ஜனவரி முடிய நான்கு நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ஸில் மூவரும் போனோம். மனைவி மிளகைக் காயப் போடாமலே வந்தாள். செம்மேட்டுப் பள்ளிக்கூட கேட் வரை போய் நின்றோம். உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைதானத்தில் இருந்த பெண்கள் சிலர் ஓடி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கத்திரிப்பூ நிறம் கொஞ்ச நேரம் நடுவில் தெரிந்தது. பிறகு மணி அடித்துவிட்டது.

மனைவி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள். நான் மேஜைக்கு வந்தேன். அன்று காலை நான் எழுதிய மனுக்களில் ஒன்றில் சர்வே எண்ணை மாற்றி எழுதி, அடித்து, மறுபடி புதுத் தாளில் எழுத வேண்டியதாயிற்று. போனை மேஜை மேல் மல்லாக்க வைத்திருந்தேன். பள்ளியிலிருந்து அழைப்பு வருமோ என்று. பத்து மணி. பத்தரை. பதினொன்றே கால்.

பதினொன்றரைக்கு அவளே வந்தாள். கூட ஒரு சிநேகிதி, பையைத் தூக்கிக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. தல வலிக்குதுன்னு மிஸ்ஸு அனுப்பிட்டாங்க. மூணு பீரியட் இருந்தா" என்று சிநேகிதி சொன்னாள்.

மகள் என் நாற்காலியில் உட்கார்ந்து, காகிதங்களை ஓரமாகத் தள்ளி, மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். மாத்திரை கொடுத்தேன். டீக்கடைக்காரர் கடையிலிருந்தே பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"எல்லாருந்தான் கேட்டாங்க." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வண்டியிலிருந்து உழுந்துட்டேன்னு சொன்னேன். காட்டச் சொன்னாங்க. காட்டுனேன்."

"நோட்டு?"

"கையெழுத்துப் போட்டாங்க. நாலு எக்ஸ்பெரிமெண்ட் பாக்கி இருக்குது. அதுக்கு லேப்புல நிக்கோணும்."

முதியோர் பணத்துக்கு எழுத வந்த ஒருவர் தயங்கி நின்றார். மதியத்துக்கு மேல் வரச் சொன்னேன். "புள்ளயப் பாருங்க, நாளைக்கே வாரேன்" என்று போய்விட்டார்.

பன்னிரண்டு மணி பஸ் இருக்கிறது, கூட்டிப் போய்விடலாம் என்று பையை எடுத்தேன். மூன்று பீரியடுக்கே இப்படி என்றால் பரீட்சைக்கு மூன்று மணி நேரம் எப்படி உட்காருவாள் என்று அதற்குள் மனம் ஓடத் தொடங்கிவிட்டது. டீச்சரிடம் பேச வேண்டும், டாக்டரிடம் கேட்க வேண்டும், இடையில் படுக்க ஒரு இடம் கேட்டு மனு எழுத வேண்டும்.

"அப்பா."

"என்ன சாமி."

"நாளைக்கு நாலாவது பீரியட் வரைக்கும் இருந்து பாக்கறேன்."

"முடியலீன்னா?"

"முடியலீன்னா இங்க வந்து படுத்துக்கறேன். மேசையக் காலியா வெய்யுங்க."